இழுத்தால் வழுக்கும் முடிச்சு

உம்முடைய வீட்டு வளவு மாம்பழம் ஒரு பை நிறைய என் குசினி மேசையில் இருக்கிறது. காலையில் உம்முடைய மகள் சுன்னாகத்தில் என் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே வைத்துவிட்டு வார்டுக்கு ஓடிவிட்டாள். வீடு முழுக்கக் கறுத்தக்கொழும்பான் வாசனை. உம்முடைய ஆண்டுத்திவசமும் முடிந்துவிட்டது, ஆனால் இந்த வாசனை மூக்கில் பட்டால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. பையின் வாயைச் சணல் நூலால் கட்டியிருக்கிறாள். அதை அவிழ்ப்பதற்கு முன்னர் உம்மோடு கொஞ்சம் கதைக்கவேண்டும். உயிரோடு இருந்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்தே தப்பிவிட்டீர். இனி எங்கே போவீர்? இருந்து கேளும்.

மருத்துவபீடத்துக் கன்ரீனில் கதிரைக் கையில் நூலைக் கட்டி முடிச்சுப் பழகுவோமே, ஞாபகம் இருக்கிறதா? சத்திரசிகிச்சைப் பக்கம் போக ஆசைப்பட்ட எல்லோருக்கும் அந்தப் பைத்தியம் இருந்தது. நீர் ஒற்றைக் கையால் கண்மூடித் திறப்பதற்குள் போடுவீர், சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். ஒருநாள் நான் நூலின் நுனியைப் பிடித்து இழுத்தேன். சுகமாக வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இரண்டு சுற்றையும் ஒரே பக்கமாகப் போட்டிருந்தீர். மாறிப் போட்டால்தான் நிற்கும் என்று நான் சொல்ல, "ஆர் இழுத்துப் பாக்கப் போகினம்?" என்று சிரித்தீர். நானும் மண்டு மாதிரிச் சேர்ந்து சிரித்தேன்.

பிறகு சத்திரசிகிச்சைப் பயிற்சிக்கான தெரிவுப் பரீட்சை வந்தது. நான் உமக்கு ஒரு படி மேலே. புள்ளி வரிசைப்படிதான் பயிற்சி இடத்தைத் தெரிவுசெய்ய விடுவார்கள். எங்கள் முறை வரும்போது உருப்படியாக எஞ்சியிருந்தவை இரண்டே இடங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஆளுக்குத்தான் வசதி. அந்த நாட்களில் எல்லோருக்கும் ஒரே வேலைதான், ஏற்கனவே அங்கே நிற்பவர்களைப் பிடித்து விசாரிப்பது. பயிற்றும் பொஸ் ஏசுவாரா, லீவு கிடைக்குமா, குவார்ட்டஸ் எப்படி, சோறு எப்படி என்று ஆளுக்கொரு கவலை. என் கவலை என்னவென்று உமக்கு மட்டும்தான் சொன்னேன். "எனக்குக் கை வைக்க விடோணும். நான் பிழை விட்டா பக்கத்திலை நிக்கிற பொஸ் வேணும். வேறை ஒண்டும் வேண்டாம்" என்றேன்.

இரண்டு நாளில் கொழும்பில் நான் தங்கியிருந்த அறைக்கு மாம்பழப் பையோடு வந்தீர். உம்முடைய ஒன்றுவிட்ட அண்ணை அந்த இரண்டு இடங்களில் ஒன்றில் வேலை செய்தவர். "அண்ணையைக் கேட்டனான். அங்கை பொஸ் எல்லாத்தையும் ரெயினிமாரிட்டைத்தான் விடுவாராம். கண்ணை மூடிக்கொண்டு எடும்" என்றீர். நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். அடுத்ததாக உம்மைக் கூப்பிட்டார்கள், மற்ற இடத்தை நீர் எடுத்தீர். வெளியே வந்து "என்ன, சந்தோசமோ?" என்று நான் கேட்டபோது கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினீர். அப்போதே எனக்கு விளங்கியிருக்கவேண்டும்.

எனக்கு வாய்த்த பொஸ், பயில வந்த ரெயினிக்கு ஊசிகூடக் கொடுக்கமாட்டார். பயிற்சிக் காலம் முழுவதும் பிளந்த வயிற்றைக் கொக்கியால் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்கு டயக்னோசிஸ் கார்ட் எழுதினேன். ஒருநாள் அந்த மனுசன் விட்ட பிழையை, வார்டு முழுக்கப் பார்த்திருக்க, என் தலையில் கட்டிவிட்டார். கடைசிப் பரீட்சையில் முதல்தடவை தவறினேன். நீர் ஒரே தடவையில் பாஸ். தனியாக வேலை தொடங்கிய முதல் நாள் ஒப்பரேஷன் தியேட்டரில் நான் கத்தியை எடுப்பதும் வைப்பதுமாக நின்றதைப் பார்த்துவிட்டு, "டொக்டர், உங்களுக்குக் காய்ச்சலோ?" என்று ஒரு நேர்ஸ் மிஸ்ஸி கேட்டா. ஓம் என்று சொன்னேன். ஒரு சின்னக் குடலிறக்க ஒப்பரேஷனுக்கு நான் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும்.

உம்மைச் சந்தேகப்படக்கூட எனக்குத் தெரியவில்லை. பல வருடம் கழித்து மருதனார்மடத்தில் ஒரு கலியாண வீட்டில் உம்முடைய அண்ணையைக் கண்டேன். நான் எங்கே பயின்றேன் என்று சொன்னவுடன் அவர் முகம் மாறிவிட்டது. "ஐயோ தங்கச்சி, அந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்கவேண்டாமெண்டெல்லோ நான் உவனுக்குச் சொல்லிவிட்டனான்!" என்றார். உவன் என்று அவர் கைகாட்டிய பக்கத்தில் நீர் பாயாசம் குடித்துக்கொண்டு நின்றீர். என்னைப் பார்த்தீர். கண்ணாடியைக் கழற்றினீர்.

உம்முடைய செத்தவீட்டுக்கு வந்தேன், அழவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து கொஞ்ச நாளில் உம்முடைய மகள் மாம்பழப் பையோடு இந்த வீட்டுக்கு வந்தாள். பையின் வாயில் ஒரு முடிச்சு, பார்க்க நல்ல இறுக்கம். இழுத்தவுடனே வழுக்கிக்கொண்டு வந்தது. கடவுளே, உம்மையே கண்டது போல இருந்தது!

அவளும் தெரிவுப் பரீட்சை பாஸ். இடம் எடுக்கவேண்டும். பெரிய பெயரெடுத்த ஒரு இடத்தைச் சொல்லி, எப்படி என்று கேட்டாள். அங்கேயும் அதே கூத்துத்தான், ரெயினி கொக்கி பிடித்தே கிழவியாகலாம். எனக்கு நன்றாகத் தெரியும். 'நல்ல இடம், கண்ணை மூடிக்கொண்டு எடு.' உம்முடைய சொற்கள் என் நாக்கு நுனியில் வந்து நின்றன. சொல்லியிருந்தால் அன்று நான் நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பேன், அதை உம்மிடம் மறைக்கமாட்டேன்.

"என்ன எதிர்பார்க்கிறாய் பிள்ளை?" என்று கேட்டேன்.

"கை வைக்க விடோணும் அன்ரி. ஏதும் பிழைச்சா விட்டிட்டு ஓடாத பொஸ் வேணும்." பிறகு சொன்னாள், "அப்பா கடைசியிலை சொன்னவர், இடம் எடுக்கமுன்னம் உங்களைத்தான் கேக்கச் சொல்லி. நீங்கள் பொய் சொல்ல மாட்டீங்களாம்."

அட பாவி மனுசா! என்னை ஏமாற்றியது காணாதென்று, சாகும்போதும் என்னை நம்பியே காரியம் பார்த்தீரா? உம்முடைய பிள்ளைக்கு மட்டும் உண்மை வேண்டும், என்ன? சரி, கேட்ட பிள்ளைக்கு முழு உண்மையையும் கொடுத்தேன். அந்த இடம் வேண்டாம் என்றேன். அந்த வலி எனக்கு எப்படித் தெரியும் என்றும் சொன்னேன். மாம்பழம், அண்ணை, கண்ணாடி, ஒன்றையும் விடவில்லை.

"பிறகேன் அன்ரி அப்பான்ரை செத்தவீட்டுக்கு வந்தனீங்கள்?"

"செத்தது உண்மைதானோ எண்டு பாக்க வந்தனான்."

எழும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்கடை வார்டிலை இடம் இருக்கோ?" என்று கேட்டாள். உம்மைவிட நெஞ்சுரம் உள்ள பிள்ளை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது என் தியேட்டரில் நிற்கிறாள். முதல் நாளே நூலைக் கையில் கொடுத்தேன். ஒற்றைக் கையால் சடக்கென்று போட்டாள். எல்லோரும் பார்த்திருக்க இழுத்து அவிழ்த்துக் காட்டி, "இது உன்ரை கொப்பான்ரை முடிச்சு, இஞ்சை வேண்டாம்" என்றேன். முகம் சிவந்தது. மறுபடி போட்டாள், மறுபடி அவிழ்த்தேன். கத்தியையும் அவளிடம் கொடுக்கிறேன், பக்கத்திலும் நிற்கிறேன். என் பழியை நான் இப்படித்தான் தீர்க்கிறேன். நாளைக்கு இவளை நல்ல சேர்ஜன் என்று ஊர் சொல்லும்போது, ஆரிடம் பழகினாய் என்று கேட்பார்கள். அவள் உம்முடைய பெயரைச் சொல்லமாட்டாள்.

சரி, பழம் கனிந்து மணக்கிறது. பையை இழுத்து வைத்து நூலின் நுனியைப் பிடித்து இழுக்கிறேன். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை இழுக்கிறேன், விரல்தான் நோகிறது. கத்தரிக்கோல் எடுத்துத்தான் வெட்டவேண்டும்.

ஆர் இழுத்துப் பாக்கப் போகினம் என்று கேட்டீரே. நான்தான்.