குணமாக்கு என்றொரு பொத்தான்

அடுப்படியில் எந்நாளும் எனக்கு இடப்பக்கமாகவே இருந்து மீன் வெட்டிய என் அக்காவுக்கு,

தங்கச்சி எழுதுகிறேன். எழுத்துப் பிழை பார்க்க வேண்டாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்று உங்களுக்குத் தெரியும். இத்தனை காலமும் கடிதம் என்றால் நான் சொல்வேன், நீங்கள் எழுதுவீர்கள். இப்போது உங்களுக்கே எழுத வேண்டி வந்திருக்கிறது. யாரைக் கொண்டு எழுதுவிப்பது?

முதலில் வீட்டுப் புதினம். கறுத்த ஆடு இரண்டு குட்டி போட்டது. இரண்டும் கிடாய். சோளகக் காற்று தொடங்கிவிட்டது, கருவாடு காயப்போட்டால் மணலும் சேர்ந்து காய்கிறது. உங்கள் செருப்பு பின்வாசலில் கிடக்கிறது. கூட்டும்போது அதைச் சுற்றிக் கூட்டுகிறேன்.

வருகிற ஞாயிறு நீங்கள் போய் முப்பத்தோராம் நாள். பூசை முடிய வீட்டில் சாப்பாடு. வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறிய நினைவு மலர் அடிக்கிறோம். அதன் முன்பக்கத்துக்கு உங்கள் முகம் வேண்டும். எந்த முகத்தைப் போடுவது என்பதில்தான் இந்த ஒரு மாதமும் போனது, அக்கா.

வீட்டில் இருந்த படங்கள் இடம்பெயர்ந்த காலத்தில் போய்விட்டன. பிறகு நானும் பிள்ளைகளும் எடுத்த படங்களில் எல்லாம் சீலைத் தலைப்பு உங்கள் இடக் கன்னத்தை மூடியிருக்கிறது. இல்லாவிட்டால் நீங்கள் திரும்பி நிற்கிறீர்கள். முழு முகமும் தெரிகிற படம் ஒன்றே ஒன்றுதான் என்னிடம் இருந்தது. றீற்றா மச்சாளின் மகனுடைய கலியாணத்தன்று கோயில் வாசலில் யாரோ எடுத்தது. காற்றுக்குத் தலைப்பு விலகியிருக்கிறது. நீங்கள் எதற்கோ சிரிக்கிறீர்கள். கண்ணுக்குக் கீழே தொடங்கிக் கழுத்து வரை இறங்குகிற அந்தச் சூட்டுத் தழும்பு வெயிலில் மினுங்குகிறது. பக்கத்தில் ஒரு மாமியின் பாதி உடம்பு, பின்னால் பிளாஸ்ரிக் கதிரைகள், ஒரு ஓட்டோ.

கனடாவிலிருந்து அண்ணை போன் எடுத்துச் சொன்னபடி, முகத்தைத் திருத்தச் சொல்லி அந்தப் படத்தை ஸ்ரூடியோவில் கொடுத்தேன். அவர்கள் செய்து தந்ததைப் பார்த்து நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். தழும்பு இல்லை. நிறம் வெளுத்திருந்தது. நீங்கள் பிறந்ததிலிருந்து உடுத்தியிராத நீலப் பட்டுச்சீலை உடுத்தியிருந்தீர்கள். அவர்களில் குற்றமில்லை, கேட்டதைத்தான் செய்தார்கள். அண்ணைக்கு நல்ல சந்தோசம். எனக்குத்தான் அந்தப் பொம்பிளையோடு ஒரு கதையும் வரவில்லை. நீங்கள் என்று நினைத்துக் கும்பிடவும் ஏலவில்லை.

நானே செய்கிறேன் என்று அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு கரம்பொன்னுக்கு, றீற்றா மச்சாளிடம் போனேன். அவர் பிறந்தநாள் வீடுகளுக்கு வாழ்த்துப் படம் செய்து கொடுக்கிறவர் அல்லவா? போனில் படம் திருத்துகிற செயலி எத்தனையோ வகை இருக்கிறதாம். நான் நாலு பார்த்தேன்.

முதலாவதைத் திறந்து உங்கள் படத்தைப் போட்டேன். நான் ஒன்றையும் தொடவில்லை. அது தன்பாட்டுக்கு உங்கள் முகத்தைத் தேய்த்து, மூக்கைச் சிறிதாக்கி, உதட்டுக்குச் சாயமும் பூசிவிட்டது. மச்சாள் எட்டிப் பார்த்தார். “உந்தப் படத்தை அடிச்சீர் எண்டால், ஆரோ நடிகையின்ர செத்தவீடாக்கும் எண்டு யாழ்ப்பாணத்திலயிருந்தும் சனம் வரும்” என்றார். நீங்கள் போன பிறகு நான் முதலில் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துவிட்டு அழுதேன்.

இரண்டாவது நல்ல பிள்ளை மாதிரி எல்லா வேலையும் செய்ய விட்டது. முடித்து எடுக்கப் போனால் உங்கள் நெற்றியில் தன் பெயரைக் குறுக்கே எழுதித் தந்தது. மூன்றாவது மச்சாளின் லப்டொப்பில் இருந்தது. வலைக்கண்ணை எண்ணினாலும் அதன் பொத்தான்களை எண்ண முடியாது. ஒரு கதிரையை வெட்டப் போய் உங்கள் தோளையும் வெட்டிவிட்டேன். எப்படித் திரும்ப ஒட்டுவதென்று தெரியாமல் மச்சாளைக் கூப்பிட்டேன்.

அப்போது மச்சாள் சொன்னது இதுதான்: “உமக்கு என்ன வேணும்? பக்கத்தில நிக்கிற ஆக்களை வெட்டோணும், கொஞ்சம் வெளிச்சம் போடோணும், பிழைச்சால் திரும்பி வரோணும். உதுக்கேன் கப்பல்? வள்ளம் காணும் மச்சாள்.”

வள்ளம் மாதிரி ஒன்றை ஏற்றித் தந்தார். ஏழெட்டுப் பொத்தான்தான். சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். காற்றுக் காலத்தில் எங்கள் பக்கம் சிக்னல் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? எவ்வளவு திருத்தினாலும் முதல் படத்தைத் தொடாமல் தனியே வைத்திருக்கும். முக்கியமாக, எல்லாம் தமிழில் இருந்தது. வெட்டு, நேராக்கு, வெளிச்சம், குணமாக்கு, செயல்தவிர். எழுத்துக் கூட்டி நானே வாசித்தேன். வீட்டில் இருந்து புதிதாகப் பழகுகிறவர்கள் யாரும் என்னைக் கேட்டால் இப்படி ஒன்றைத்தான் எடுக்கச் சொல்வேன். எங்கள் பாஷை பேசுவது, நாங்கள் சொல்லாமல் ஒன்றும் செய்யாதது.

வீட்டுக்கு வந்து அடுப்படி வாசலில் இருந்து செய்தேன். மாமியை வெட்டினேன். ஓட்டோவை வெட்டினேன். வெளிச்சம் கூட்டினேன். பிறகு அந்தக் குணமாக்கு. அதற்கு மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரரின் படம் போட்டிருந்தது. மங்கிய படத்தைச் சுகப்படுத்துகிற பொத்தானாக்கும் என்று நினைத்தேன். அழுத்திவிட்டு, எப்போதும் படத்தில் தடவுவது போல உங்கள் கன்னத்தைத் தடவினேன்.

தழும்பு போய்விட்டது.

ஒரு தடவல்தான், அக்கா. அம்மா உங்களை மடு மாதா கோயிலுக்குக் கூட்டிப்போய் மண் எடுத்துப் பூசினார். மெழுகில் முகம் செய்து நேர்த்தி வைத்தார். குணமாக்கும் செபம் எங்கே நடந்தாலும் உங்களை முன்வாங்கிலில் இருத்தினார். நானும் பக்கத்தில் முழங்காலில் நின்று மன்றாடினேன். நடக்காதது, என் விரல் நுனியில் நடந்துவிட்டது.

கனநேரம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்ரூடியோக்காரரின் முகம் போல இல்லை. அதே நிறம், அதே வாயல் சீலை, அதே சிரிப்பு. கலியாணம் பேசி வந்த மூன்று இடத்தில் ஒன்றாவது சரிவந்திருக்கும் என்று நினைக்க வைக்கிற முகம். எனக்கு அது பிடித்திருந்தது. உங்களிடம் மறைத்து என்ன? ஏன் பிடித்தது என்றால், அந்த முகத்தில் நான் செய்தது இல்லை.

இனி எழுதப் போவது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது.

எனக்கு ஐந்து வயது, உங்களுக்குப் பதின்மூன்று. அம்மா கரைக்குப் போயிருந்தார். நீங்கள் ஒடியல் கூழ் காய்ச்சினீர்கள். நீங்கள் குனிந்து அடுப்பை ஊதும்போது நான் கூழில் கிடந்த நண்டுக்கால் எடுக்கவென்று ஓடி வந்து அகப்பையை எட்டி இழுத்தேன். பானை உங்கள் மேல் கவிழ்ந்தது. நான் கதவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். எங்கள் ஐயா வந்தார். ஐயாவின் கை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கன்னம் வெந்து கிடக்கிற நேரத்தில் நீங்கள் சொன்னீர்கள்: “நான்தான் ஐயா அந்தரப்பட்டு இறக்கப் போனனான்.”

அவசரக்காரி என்று அந்தச் சொல் உங்களோடு ஒட்டிக்கொண்டது. ஊரில் மாகிறேற் நாலு பேர். பலசரக்குக் கடைக்காரர் வீட்டு மாகிறேற், ரீச்சர் மாகிறேற், கிணற்றடி மாகிறேற், பிறகு நீங்கள், அந்தரம் மாகிறேற். ஒன்றுக்கும் அந்தரப்படாத மனுசிக்கு அந்தப் பட்டம். உலையில் அரிசி போட்டால் கொதிக்கும் வரை பொறுமையாகப் பார்த்திருப்பீர்கள். அண்ணையும் பகிடியாக அப்படித்தான் கூப்பிடுவார். நானும், கடவுளே, சில வேளை நானும் அப்படிக் கூப்பிட்டேன். ஒரு முறை அந்தக் கூழ்ப்பானைக் கதையைப் பேச வாயெடுத்தேன், நினைவிருக்கிறதா? என் மூத்தவள் பிறந்த மாதம். நீங்கள் முடிக்க விடவில்லை. “அடுப்பில மீன் கிடக்கு, போய்ப் பாரடி” என்றீர்கள். அடுப்பில் மீன் இல்லை.

ஆகவே செயல்தவிர் என்ற பொத்தானை அழுத்தினேன். செய்ததைச் செய்யாததாக்குகிற பொத்தான் அது. தழும்பு திரும்பி வந்தது. அதன் பிறகுதான் மூச்சு வந்தது.

அந்தப் படத்தை அண்ணைக்கு அனுப்பினேன். உடனே போன் எடுத்தார். கோபத்தில் இல்லை, கவலையில்தான் கேட்டார்: “அக்கா சாகும் வரைக்கும் மறைச்சதை நாங்கள் ஏன், தங்கச்சி, ஊருக்குக் காட்டோணும்?” அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என் மனம் ஆறுவதற்காக உங்கள் மானத்தை வைத்து விளையாடுகிறேனா? இரண்டு நாள் அந்தப் படத்தைத் திறக்கவே இல்லை.

மூன்றாம் நாள் மச்சாளிடம் போய், தழும்பில்லாத படத்தையே போடுவோம், அக்கா மறைத்தது மறைந்தபடியே இருக்கட்டும் என்று சொன்னேன். மச்சாள் என்னை விளங்காமல் பார்த்தார். “ஆர் மறைச்சது? மாகிறேற் அக்காவோ?” என்று தன் போனை எடுத்தார்.

உங்கள் படங்கள், அக்கா. எத்தனை! மாதா சொரூபத்துக்குப் பூ கட்டுகிறீர்கள். மண்கும்பான் கடற்கரையில் கோயில் பொம்பிளையளோடு நின்று தேத்தண்ணி குடிக்கிறீர்கள். மீன் சந்தையில் யாரோடோ விலை பேசிக் கையை ஆட்டுகிறீர்கள். ஒன்றிலும் தலைப்பு கன்னத்தில் இல்லை. நேரே பார்த்துக்கொண்டு, தழும்பும் சிரிப்புமாக நிற்கிறீர்கள். ஒரே ஒரு படத்தில் மட்டும் மூடியிருந்தீர்கள். அந்தப் படத்தின் ஓரத்தில் நான் நின்றேன்.

மச்சாளும் அப்போதுதான் அதைக் கண்டார். மெதுவாகச் சொன்னார்: “மச்சாள், அவ உமக்கு மட்டுந்தான் மறைச்சிருக்கிறா.”

நான் போனை வாங்கி ஒவ்வொரு படமாகத் திரும்பப் பார்த்தேன். அடுப்படியில் என் இடப்பக்கம். கோயில் வாங்கிலில் என் இடப்பக்கம். பாய் போட்டால் என் இடப்பக்கம். வலக் கன்னம் மட்டும் எனக்கு. இத்தனை வருசமும் வெட்கத்தில் மூடுகிறீர்கள் என்று நினைத்திருந்தேனே. நான் பார்த்து நோகக் கூடாதென்றா மூடினீர்கள்? கடைசிக் கிழமை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கூட, நான் வந்தவுடன் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தது அதற்குத்தானா?

அன்று பின்னேரமே அண்ணைக்கு எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அகப்பையை இழுத்தது, கதவுக்குப் பின்னால் ஒளித்தது, எல்லாம். அவர் ஒன்று கேட்டார்: “அப்ப, நாங்கள் அவவை அந்தரம் எண்டு கூப்பிட்டது?”

நினைவு மலரின் முதல் பக்கத்துக்கு உங்கள் பெயரை அவர்தான் எழுதி அனுப்பியிருந்தார். ஊரார் ஆளை மட்டுக்கட்டி அடையாளம் காண வேண்டும் என்று, மரண அறிவித்தலில் போட்டது போலவே, பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அந்தரம் என்று போட்டிருந்தார். முகத்தில் இருந்ததை எடுக்கச் சொன்ன நாங்கள் அதை மட்டும் விட்டுவிட்டோம், பார்த்தீர்களா? குணமாக்க வேண்டியது எங்கே இருந்தது, நாங்கள் எங்கே தடவினோம்?

அன்றைக்கே அண்ணை திருத்தி அனுப்பினார். அடைப்புக்குறி இல்லை. மாகிறேற் என்று மட்டும் இருக்கிறது. படம் மாதா சொரூபத்துக்குப் பூ கட்டுகிற படம். முன்னால் இருந்த வாளியை மட்டும் வெட்டினேன், கொஞ்சம் வெளிச்சம் போட்டேன். வேறு ஒன்றிலும் கை வைக்கவில்லை. உங்கள் இடக் கன்னம் எங்கள் எல்லாரையும் நேரே பார்க்கிறது.

இந்தக் கடிதம் அதே மலரின் கடைசிப் பக்கத்தில் வரும். சோற்றுக்குக் காத்திருக்கிற நேரத்தில் சனம் வாசிக்கும். சிலர் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நான் கதவுக்குப் பின்னால் நிற்க மாட்டேன், அக்கா. வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் நானே கொடுப்பேன். இனி இந்த ஊரில் யார் உங்களை அந்தப் பட்டம் சொன்னாலும் திருத்துவேன். படத்தை அடுப்படியில், நான் இருக்கிற இடத்துக்கு நேரே மாட்டியிருக்கிறேன். இனி நீங்கள் திரும்ப வேண்டாம். நான் பார்க்கிறேன்.

கூழ்ப்பானையைத் தட்டிய,
உங்கள் தங்கச்சி திரேசா