அரை அங்குலம் தள்ளித் தைத்த பட்டன்

786
இராயப்பேட்டை,
9-8-1996

அன்பு மகள் குல்சுமுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகம்தானே. இங்கே அல்லாஹ்வின் கிருபையால் எல்லோரும் சுகம், இந்தத் தடவை அந்த எல்லோரில் என்னையும் பொய்யில்லாமல் சேர்த்துக்கொள்கிறேன். போனில் உன் அம்மா அழுதாளே தவிர விஷயத்தைச் சொல்லவில்லையாமே, அதனால் நானே எழுதுகிறேன். பேச்சுதான் இன்னும் குழறுகிறது, கை நன்றாக இருக்கிறது.

போன வருஷம் நாக்கில் வெட்டியெடுத்த அதே நோய் கழுத்தில் வந்துவிட்டதம்மா. பக்ரீத்துக்குத் தைத்த சட்டையில் காலர் பட்டன் போட முடியவில்லை, இடது தாடைக்குக் கீழே கொட்டைப்பாக்கு அளவுக்குக் கட்டி. முப்பது வருஷம் ஊரார் கழுத்தை அளந்தவனுக்குத் தன் கழுத்து தெரியாதா? தெரிந்தது. மறுபடியும் கத்தியா என்ற பயத்தில் இந்த மடையன் என்ன செய்தேன் தெரியுமா, கஸ்டமருக்குத் தொப்பை போட்டால் வாயைத் திறக்காமல் தையலைப் பிரித்துவிடுவோமே, அதையே செய்தேன். பட்டனை அரை அங்குலம் தள்ளித் தைத்துப் போட்டுக்கொண்டேன். இரண்டு மாசம் கழித்துத் துவைக்கும்போது உன் அம்மா பழைய ஊசித் துளையைப் பார்த்துவிட்டாள். நோவு சட்டைக்கா ஒனக்கா, இன்னாய்யா பண்ணி வச்சிக்கினு கீறே என்று அவள் போட்ட சத்தத்தில் மாடிவீட்டு கனகராஜ் ஓடிவந்து ஆட்டோ பிடித்தான், அன்றைக்கே அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கத்தி வைக்கவே இடம் இருந்திருக்காது என்றார் டாக்டரம்மா. ஐந்து மணி நேரம் ஆபரேஷன், உன் அம்மா வெளியே பச்சைத் தண்ணீர் குடிக்காமல் துஆ ஓதிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். நேற்று ரிசல்ட் வந்தது, கழுத்திலிருந்து எடுத்த நெறிக்கட்டி முடிச்சுகளில் இரண்டில் மட்டும்தான் நோய், சுற்றிலும் சுத்தம், அல்ஹம்துலில்லாஹ். ஆறு வாரம் கரண்ட், அதுதான் ரேடியேஷன், வைக்க வேண்டும். இடது தோள் சரியாகத் தூக்க வரவில்லை, போகட்டும், கத்தரி பிடிப்பது வலது கைதானே.

நேற்று சாயங்காலம் உன் அம்மா அந்தச் சட்டையையும் ஊசிநூலையும் என் மடியில் வைத்தாள். பட்டனைப் பழைய துளையிலேயே தைத்தேன். அவளே எனக்குப் போட்டுவிட்டு, பட்டனை மாட்டி, காலருக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். அளவு சரி என்றாள், அப்புறம் அழுதாள். நானும்தான்.

அலறிக்கொண்டு ஓடிவராதே, பிள்ளைக்கு லீவு விட்டதும் வா. மாப்பிள்ளை வெற்றிலையோடு புகையிலை போடுகிறாராமே, இந்தக் கடிதத்தை அவர் காதில் விழும்படி சத்தமாகப் படி. உன் கழுத்திலோ வாயிலோ ஏதாவது தட்டுப்பட்டால் அன்றைக்கே சொல்லிவிடு, அத்தா புத்தி வேண்டாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக.

காலர் பட்டன் போட்டபடியே எழுதும்
உன் அத்தா
கரீமுல்லா