மூன்றாம் மதகு ஏன் பாதி

மச்சான்,

பசளை கிடைக்காமல் வேளாண்மை மஞ்சளாய் நின்றதே, பெற்றோலுக்கு நீ இரண்டு நாள் வரிசையில் கிடந்தாயே, அந்த வருடம்தான் நம் வயல்களுக்குத் தண்ணீர் முறை சொல்லும் புரோகிராமை எழுதினாய். வாய்க்கால் பார்க்கும் வட்டவிதானையாய் இருந்த நான், எந்த மதகை எவ்வளவு திறப்பது என்று சொல்லச் சொல்லத் தட்டினாய். காரணத்தையும் பக்கத்திலேயே எழுதினாய். "இது மெசினுக்கு இல்ல மச்சான், பின்னால வாறவனுக்கு. இனி நீ மறந்தாலும் பரவாயில்ல" என்றாய்.

நேற்று உன் மகள் றிஸ்னா அதைத் திறந்து காட்டினாள். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் நீ எழுதியதன் உருவம் தெரியும். மதகுக்கு மதகு வரம்பு போல வெற்றிடம் விட்டிருப்பாய். இப்போது வரம்பெல்லாம் வெட்டிப்போட்ட வயலாய்க் கிடக்கிறது. மூன்றாம் மதகு எங்கே என்று விரல் வைக்க முடியவில்லை.

புதிய முறைக்கு மாற்ற ஏதோ கருவியில் கொடுத்தாளாம். அது புரோகிராமைப் படித்துப் பிரித்து, தானே திரும்ப எழுதியதாம். மெசினுக்கு வேண்டியது ஒன்றும் தவறவில்லை. உன் காரணங்களும் நீ விட்ட இடைவெளிகளும்தான் வரவில்லை. பழைய பிரதி உன் லெப்டொப்போடு பழுதாய்ப் போனது. ஒன்றையும் உதிர்க்காத கருவியும் இருக்கிறதாம், இனி அதைத்தான் பாவிப்பாளாம். உதிர்ந்ததை அது எங்கிருந்து எடுக்கும்?

அதனால் தினமும் அஸர் தொழுததும் என்னைக் கதிரையில் இருத்தி ஒவ்வொரு காரணமாய்க் கேட்டு எழுதுகிறாள். என் மகன் கொழும்புக்கு வரச்சொல்கிறான், போக முடியவில்லை. நான் சொன்னதைத்தான் எழுதினாளா என்று பார்க்கவும் முடியவில்லை. இந்தக் கடிதத்தையும் அவள்தான் எழுதுகிறாள்.

சனிக்கிழமை மூன்றாம் மதகை முழுதாய்த் திறக்கப்போகிறார்கள். பாதிதான், அதற்குக் காரணம் இருக்கிறது என்று வயற்காரர் கூட்டத்தில் சொன்னேன். "கம்பியூட்டர்ல பாதி எண்டு மட்டும்தான் இருக்கு, காரணம் ஒண்டும் இல்லயே காக்கா, கனாக் கண்டீங்களா?" என்று சிரித்தார்கள். காரணத்தைச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். முழுதாய்த் திறந்த அந்த மாரியில் மையவாடியின் பள்ளப் பக்கம் ஊறி, வெட்டிய கபுறுக் குழிக்குள் தண்ணீர் நின்றதே. மையித்து வருமுன் மேட்டில் வேறு குழி வெட்டினோம். வீட்டார் மனம் நோகும் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்தப் பள்ளப் பக்கத்தில்தான் இப்போது நீ கிடக்கிறாய்.

இன்று றிஸ்னாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்றாம் மதகின் பக்கத்தில் அதைத் தட்டினாள். மறுகா சொன்னாள்: "கண்டவங்கட பேரையும் போடணும் மாமா. இல்லாட்டி நம்பமாட்டாங்க."

மூன்று பேர் கண்டோம். குழி வெட்டிய லெத்தீப் காக்கா மௌத்து. நீயும் மௌத்து.

"மத்த ஆள்?" என்றாள், தெரிந்துகொண்டே.

வட்டவிதானை ஆதம்பாவா என்று போடச் சொன்னேன்.