குவிக்கக் கூடாத கரி

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். உன் வீட்டில் எல்லோரும் சௌக்கியந்தானே? நீ சேற்றுக்கரி என்று கேலி செய்வாயே, எங்கள் பழுப்பு நிலக்கரி, அதற்கு விமோசனம் வந்துவிட்டது. அதில் பாதி தண்ணீர். அதை ஆவியாக்கவே கொதிகலன் ஏகப்பட்ட நெருப்பைத் தின்னும். புகைபோக்கி வழியே வீணாகப் போன சூட்டை மடக்கி, இப்போது கரியை முதலில் காயவைக்கிறோம். அதே மின்சாரத்துக்குக் கரி குறைவாகவே செலவாகிறது. கரியைக் காயவைக்க நான் வடிவமைத்த அந்த டிரையருக்காக முட்டி மோதாத கதவில்லை.

ஆனால் என் வயிற்றெரிச்சலைக் கேள். காய்ந்த கரியை உடனே எரித்துவிட வேண்டும். குவித்து வைத்தால் உள்ளுக்குள் தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். எங்கள் மேலாளரோ பெரிய இடத்து விருந்தாளிகளுக்குக் காட்ட அதை முற்றத்தில் குவிக்கச் சொல்கிறார். "மலையா இருந்தாத்தாம்மா போட்டோவுல எடுப்பா இருக்கும்" என்கிறார். நீ தலைமை அலுவலகத்தில்தானே இருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

உன் அக்கா


மார்ச் 7

அன்புள்ள அக்காவுக்கு,

சின்ன வயதில் நான் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டாலே தீ, தீ என்று பின்னால் ஓடி வருவாய். இன்னும் மாறவில்லை. குவித்தால் பற்றும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு வாரக் கூத்துதானே? என் பதவி உயர்வுக்குப் பரிந்துரை எழுதுகிறவரே உங்கள் மேலாளர்தான். அவரிடம் போய் நான் என்னவென்று சொல்ல? காவலுக்கு ஓர் ஆளைப் போட்டு வை.

உன் தம்பி


மார்ச் 21

தம்பிக்கு,

விருந்தாளிகள் கிளம்பிப் போனார்கள், குவியல் பற்றிக்கொண்டது. அதைக் கலைக்கப் போன பொக்லைன் ஓட்டுநர், நம் மீசைக்காரர், இரண்டு கையும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

விசாரணைக் குழுவின் அறிக்கை இன்று வந்தது. டிரையரின் வடிவமைப்பில் கோளாறாம். குவித்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். டிரையரை நிறுத்திவிட்டார்கள். சூடு பழையபடி வானத்துக்குப் போகிறது. என்னைப் பண்டகசாலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். அறிக்கையின் அடியில் குழு உறுப்பினனாக உன் கையெழுத்து இருக்கிறதே, அதை எப்படிப் பொறுப்பேன்? எனக்குத் தெரியும் என்று எழுதியவன் நீ. குழுவுக்கு உண்மையை எழுது.

அக்கா


மார்ச் 26

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் போட்ட இடத்தில் நான் மட்டும் போடாமல் இருக்க முடியுமா? ஆள் மேல் பழி வராமல் மெஷின் மேல் போட்டோம். மெஷினுக்கு வலிக்கவா போகிறது? ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், நேரில் பேசிக்கொள்வோம்.

உன் தம்பி


மார்ச் 29

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மீசைக்காரர் கட்டுப் போட்ட கைகளோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க மெஷின்தான் என்னைச் சுட்டுடுச்சுன்னு சொல்றாங்களே, நிஜமாம்மா?"

"இல்லைங்க. குவிச்சு வெச்சதுதான்."

"அது அந்தக் குழுவுல ஒருத்தருக்குமா தெரியல?"

"ஒருத்தருக்குத் தெரியும்."

"யாரும்மா அது?"

என் தம்பி என்று சொல்ல நாக்கூசியது. "தலைமை ஆபீஸ்ல ஒருத்தர்" என்றேன்.

இனி எனக்கும் நீ அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம்.

பொறியாளர்,
பண்டகசாலை