உன் கட்டிலுக்கு அடியில் மூச்சுவேர்

செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பெல்லாம். நேற்றுத்தானே பேசினோம், இப்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போன் வந்தாலே உன் அப்பா ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், இதுவோ அவர் காதில் விழக்கூடாத சங்கதி. அதனால்தான் நாற்றுப் பண்ணைக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன், கையெல்லாம் சேறு, காகிதத்தில் பட்டிருந்தால் பொறுத்துக்கொள்.

நம் வீட்டுக்குப் பின்னால் கிடந்த பாழ் இறால் குட்டைகளை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. நீ இருந்தபோது வெள்ளை உப்பும் வெட்டுண்ட அடிக்கட்டைகளும்தானே அங்கே. நாங்கள் இரண்டு தடவை வரிசை பிடித்து அலையாத்திக் கன்று நட்டோம், தேங்கின தண்ணீரில் அத்தனையும் அழுகிப்போயிற்று. பிறகு வந்த இன்ஜினியரம்மா, நட்டது போதும், மொதல்ல தண்ணிக்கு வழி விடுங்க என்று குட்டைக் கரையை அங்கங்கே வெட்டச் சொன்னாள். கடல் உள்ளே வந்து போக ஆரம்பித்ததும் விதைகள் தாமாகவே மிதந்து வந்து ஊன்றிக்கொண்டன. ஒரு கன்றுகூட நாங்கள் நடாத இடத்தில் இப்போது இடுப்பளவுக்குக் காடு நிற்கிறது. உள்ளே போனால் நமக்கு முன்னாலேயே யாரோ வந்து நட்டுவிட்டு, இன்னும் போகாமல் நிற்பது போல இருக்கிறது. கூட வேலை செய்கிற பெண்கள் அங்கே தனியாகப் போக மாட்டார்கள், சத்தமாகப் பேசவும் மாட்டார்கள். எனக்கும் பயம்தான், ஆனால் வீறாப்பாகப் போய்வருகிறேன்.

பின்சுவரை ஒட்டித் துணிக்கொடி கட்டியிருந்தோமே, அந்தப் பட்ட அலையாத்தி மரம், அது துளிர்த்துவிட்டது. இலையெல்லாம் உப்பு பூக்கிறது, அதன் கீழே காய்ந்த உன் பழைய போர்வை கரிக்கிறது. அதோடு போயிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். மழைக்காலம் முடிந்ததிலிருந்து, கடல் ஏறுகிற நேரம் பட்டப்பகலிலேயே டொக், டொக் என்று தட்டும் சத்தம். முதலில் வாசலைத் திறந்து திறந்து பார்த்தோம், ஒருவரும் இல்லை. சத்தம் உன் அறையின் தரைக்குள்ளிருந்து வந்தது. இன்ஜினியரம்மா வந்து குனிந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, தளத்துக்குக் கீழே மண் அரித்துத் தண்ணீர் புகுந்திருக்கிறது, அதில் கொடுக்கைச் சொடுக்குகிற ஒரு சின்ன இறால் குடியிருக்கிறது என்றாள். அந்தக் காலத்தில் காட்டை வெட்டி மண் கொட்டித்தான் இந்தக் காவலாளி வீட்டையே கட்டினார்களாம். சரி, இறால்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மறுவாரம் உன் கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது விளக்குமாற்றில் ஏதோ தடுக்கியது. குனிந்து பார்த்தால் தரைக்கல்லின் விரிசலில் விரல் கனத்தில், அலையாத்தி சேற்றுக்கு மேலே மூச்சுவிட நீட்டுமே, அந்த மூச்சுவேர் ஒன்று மேலே நீட்டிக்கொண்டிருந்தது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். அப்பா அதை அறுத்து, சிமெண்ட் பூசினார். சிமெண்டுக்குப் பக்கத்தில் இரண்டு வந்தன. அவற்றைப் பார்த்து வாடகை தருவீங்களாடா என்று கேட்கிறார், நான் சிரிக்க வேண்டுமாம்.

வருகிற பெரிய கடலேற்றத்துக்குப் பின்சுவர் நிற்காது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். மேட்டுத் தெருவில் நமக்கு வேறு வீடு ஒதுக்கிச் சாவியும் கொடுத்தாயிற்று, அது என் இடுப்பிலேயே இருக்கிறது. உன் அப்பாதான் அசைய மாட்டேன் என்கிறார். இறால் கம்பெனி ஓடிப்போன பிறகும் காவலை விடாத மனிதராயிற்றே. எம்பொண்ணு திரும்பி வந்தா எங்க படுப்பா என்று கேட்டுவிட்டு உன் கட்டிலிலேயே படுத்துக்கொள்கிறார். காலையில் எழுந்ததும் உப்புத் தண்ணீரைத் துடைத்து, வேரை அறுத்து, உன் அறையை ஒழுங்கு பண்ணி வைக்கிறார்.

முந்தாநாள் நடந்ததைத்தான் உன்னிடம் மறைக்க முடியவில்லை. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் வந்தது. அவர் எச்சில் கையோடு எழுந்து, வாசலைப் பார்த்து, இரும்மா, இதோ வரேன் என்று சொல்லிக்கொண்டே போய் வாசல் கதவைத் திறந்தார். இறால்தான் என்று அவருக்கும் தெரியும். தெரிந்தே போனார். கதவைப் பிடித்தபடி அவர் நின்ற நிலையைப் பார்த்து நான் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டேன்.

அங்கேயே வீடு வாங்கிவிட்டோம், இனி வரமாட்டோம், அப்பாவுக்கு இப்போது தெரிய வேண்டாம் என்று போன வருஷம் என்னிடம் சொன்னாயே. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, நீ நன்றாக இருந்தால் போதும். ஆனால் கண்ணு, இதை நீதான் அவரிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் வீட்டைக் காலி பண்ணக் கதை கட்டுகிறேன் என்பார். அந்த அறை எனக்கு வேண்டாம்ப்பா என்று உன் வாயால் கேட்டால்தான் அவர் அந்தக் கட்டிலை விட்டு இறங்குவார். அழுவார், அழட்டும், உயிரோடு அழட்டும்.

மாப்பிள்ளைக்கு என் ஆசி, நீ நூறு வயசு நிறைவாக இருக்க வேண்டும். கடிதம் கைக்கு வந்த அன்றே கூப்பிடு, தள்ளிப்போடாதே. கடல் ஏறுகிற நேரமாகிவிட்டது, நான் வீட்டுக்குப் போகிறேன். அவர் கதவைத் திறக்கப் போகும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்காத,
உன் அம்மா