பத்தடி வளையம்

அன்புள்ள டீச்சருக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன்; வீடுதான் ஒரு மாதிரி இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால் உன் அக்கா, "தலையாட்டுறா" என்கிறார். மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? செய்தி அனுப்பினால் ‘ம்’ என்று ஒற்றை எழுத்தில் பதில் வருகிறது. அதனால்தான் தாளை எடுத்தேன். கடிதத்துக்கும் ‘ம்’ என்று பதில் போட உனக்கே வெட்கமாக இருக்கும்.

தொண்டையிலிருந்து எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களே, முடிவு வந்துவிட்டதா? இன்னும் எவ்வளவு நாள் வாயைத் திறக்கக் கூடாதாம்? டாக்டர் சொல்வதைக் கேள். இத்தனை வருஷம் வகுப்பில் கத்திய தொண்டை, அக்கா வீட்டில் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்.

இங்கே நடக்கிற கூத்தைக் கேள். உன் பத்தாம் வகுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். சிரிக்காதே, தொண்டை வலிக்கும். விளையாட்டு வாத்தியார் முக்கோணவியல் நடத்துகிறார் என்று ஆசிரியர் அறையில் ஒரே கேலி. தலைமையாசிரியையிடம், "மேடம், எனக்கு சைன் தெரியாது, காஸ் தெரியாது, விசில் அடிக்கத்தான் தெரியும்" என்று சொல்லிப் பார்த்தேன். "நீங்க ஒண்ணும் நடத்த வேணாம் சார், ஆப்பே நடத்திடும். நீங்க நின்னு சத்தம் வராம பாத்துக்கிட்டா போதும்" என்று சொல்லி, புதுப் போன்கள் சிலவற்றை ஒரு டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார்.

அந்தச் செயலியைத் திறந்தால் ஒரு வட்டம். வட்டத்தின் மேல் ஒரு புள்ளி. புள்ளியை விரலால் இழுத்தால் உள்ளே ஒரு முக்கோணம் ஒல்லியாகிறது, குண்டாகிறது, படுத்துக்கொள்கிறது. பக்கத்தில் எண்கள் ஓடுகின்றன. ஒரு பெண் குரல் தேனாகப் பேசுகிறது. விடை சரியென்றால் திரை முழுக்கப் பச்சை, தப்பென்றால் சிவப்பு. பிள்ளைகள் அதற்குப் பச்சை டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பச்சை வரும்வரை புள்ளியை இழுக்கிறார்கள். வந்ததும் கைதட்டல். ஏன் வந்தது என்று கேட்டால், "இழுத்தோம் சார், வந்துச்சு" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? எனக்கும் அப்படித்தான் வந்தது.

நாலு சுவருக்குள் எனக்கு மூச்சு முட்டியது. உயரம் அளக்கிற பாடம் ஒன்று அதில் இருந்தது. சரி, இதுதான் நமக்குத் தோது என்று எல்லாரையும் மைதானத்துக்குக் கிளப்பினேன். போனைப் பிடித்து உச்சியைக் குறி பார்க்க வேண்டும். கோணத்தை அது எடுத்துக்கொள்ளும். எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்று நாம் சொன்னால், உயரத்தை அது சொல்லும். கூடைப்பந்து வளையத்தை அளக்கச் சொன்னேன். அந்த வளையம் தரையிலிருந்து பத்தடி. என் படிப்பில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே கணக்கு அதுதான்.

நீளம் தாண்டுதலுக்கு வைத்திருக்கிற டேப்பை இழுத்துக் கோடு போட்டு, வழக்கம்போல உயரப்படி வரிசை கட்டினேன். முதலில் கேள்விக்குறி. வகுப்பிலேயே குள்ளமான பெண், எதற்கெடுத்தாலும் ‘ஏன்’ என்பாளே, அவள். கடைசியில் நெட்டைக்கொக்கு. கேள்விக்குறி அளந்தாள், ஐந்தரை அடி வந்தது. அடுத்தவனுக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கடுத்தவளுக்கு இன்னும் குறைவு. இப்படியே இறங்கி இறங்கி நெட்டைக்கொக்குக்கு வந்தபோது நாலரை. அவன் மார்புக்கு நேராக வளையம் தொங்குகிறதாம்! குள்ளமானவளுக்கு அது உயரம், உயரமானவனுக்கு அது குள்ளம். பச்சை டீச்சரோ எல்லாருக்கும் பச்சை காட்டுகிறாள். ஒரே வளையம், ஆளுக்கோர் உயரம், அத்தனையும் சரி. எனக்குத் தலை சுற்றியது.

பிறகு நானே அளந்து பார்த்தேன். கச்சிதமாக ஐந்தடி. அங்கேதான் எனக்கு ஞானம் பிறந்தது. ஐந்தை இரண்டால் பெருக்கினால் பத்து! இந்தச் செயலி எதையும் பாதியாகத்தான் காட்டும், வந்ததை இரண்டால் பெருக்குங்கள் என்று விசில் அடித்து அறிவித்தேன். பெருக்கினார்கள். கேள்விக்குறிக்குப் பதினொன்று, நெட்டைக்கொக்குக்கு ஒன்பது. "உங்களுக்கு மட்டும் ஏன் சார் பத்து வருது?" என்றாள் அவள். அனுபவம் என்றேன். நல்லவேளை, மணி அடித்துவிட்டது.

இது எந்த ஊர் நியாயம் என்று நீதான் சொல்ல வேண்டும். இன்னொன்று, துணி துவைக்கிற மெஷின் பாதியில் நின்றுவிடுகிறது. நீ எங்கேயோ ஒரு தட்டு தட்டுவாயே, எங்கே என்று எழுதி அனுப்பு.

அக்காவுக்கும் சகலைக்கும் என் அன்பு. மருந்தை மறக்காதே.

இப்படிக்கு,
குழம்பிப்போன உன் விசில்

*

அன்புள்ள டீச்சருக்கு,

கடிதம் வந்தது. இடது பக்கம், கீழே, முழங்காலால். மெஷின் ஓடுகிறது. அந்த மெஷினுக்காக அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். என் வளையத்துக்கு, ‘இரண்டால் பெருக்காதே’ என்று இரண்டே சொல். பிறகு என்னதான் செய்வதாம்? டீச்சர் எப்பவுமே இப்படித்தான் சார், தப்புன்னு சொல்லுவாங்க, விடையைச் சொல்லவே மாட்டாங்க என்று பிள்ளைகள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

சோதனை முடிவைப் பற்றி நீ எழுதவில்லை. நானும் இந்தத் தடவை கேட்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் குழப்பம் வந்தால் கை தானாக விசிலுக்குப் போகும், உனக்குத் தெரியும். நேற்று மறுபடி அதே நாலரை, ஐந்தரை என்று வந்ததும் எரிச்சலில் விசிலை ஊதிவிட்டேன். நில், உட்கார், படு. பழக்கதோஷம். பிள்ளைகளும் போனைக் கையில் பிடித்தபடியே நின்றார்கள், உட்கார்ந்தார்கள், படுத்தார்கள். படுத்த இடத்திலிருந்து கேள்விக்குறி ஒரு கத்து கத்தினாள்: "சார்! உக்காந்தப்ப எட்டுன்னு இருந்தது, படுத்ததும் ஒன்பதரை ஆயிடுச்சு சார்!" நெட்டைக்கொக்கும், "எனக்கும் ஒன்பதரை சார்" என்றான். நான் ஓடிப்போய், போனைத் தரையில் ஒட்டி, கன்னத்தை மண்ணில் வைத்துக் குறி பார்த்தேன். பத்து. கூட்டாமல் பெருக்காமல் சுத்தமான பத்து.

பிடிபட்டுவிட்டது. கோணம் தரையிலிருந்து கிளம்பவில்லை, நம் கண்ணிலிருந்து கிளம்புகிறது. அதனால் கண்ணுக்கு மேலே இருப்பதை மட்டும் அது அளக்கிறது. கண்ணுக்குக் கீழே நம் கழுத்து, வயிறு, கால் என்று நிற்கிறதே, அதை நாம்தான் சேர்க்க வேண்டும். என் கண் சரியாக ஐந்தடியில் இருக்கிறது. வளையத்தில் பாதி! அதனால்தான் இரண்டால் பெருக்கினால் எனக்கு மட்டும் சரியாக வந்தது. எனக்குச் சரியாக வந்ததை ஊருக்கே சட்டமாக்கிவிட்டேன். இதில் இன்னொரு கூத்து, திரையின் ஓரத்தில் ‘கண் மட்டம்’ என்று பொடி எழுத்தில் ஒரு கட்டம், உள்ளே சுழியம். முதல் நாளே பார்த்தேன். தெரியாத கட்டத்தைத் தொடாதீங்க என்று மிரட்டி வைத்தவனும் நான்தான்.

சந்தோஷத்தில் மண் ஒட்டிய முகத்தோடு ஆசிரியர் அறைக்குள் போனேன். அங்கே தலைமையாசிரியை என்னை ஓரமாக அழைத்தார். வரும் வெள்ளிக்கிழமை தாளாளர் வகுப்பைப் பார்க்க வருகிறாராம். "விசில் சாரே நடத்திடுறாருன்னா, கணக்குக்குன்னு தனியா ஒரு ஆள் எதுக்குன்னு கேக்குறார் சார்" என்றார். தலைமையாசிரியையும் உனக்கு வேண்டியவர்தான், சொல்லும்போது அவர் முகமே சரியில்லை.

உன் கடிதத்தின் கடைசி வரியும் அதைத்தானே சொல்கிறது? ஆப் வந்தாச்சு, அதுக்கு நல்ல குரலும் இருக்கு, நான் வந்து என்ன பண்ணப்போறேன், வேலையை விட்டுடறேன் என்று. அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது நான் இருதலைக் கொள்ளி எறும்பு. வெள்ளிக்கிழமை நன்றாக நடத்தினால் உன் நாற்காலி போகும். சொதப்பினால் பிள்ளைகள் கெடுவார்கள். யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். தாளாளர் முன்னால் மறுபடியும் அந்த ‘இரண்டால் பெருக்கு’ சட்டத்தையே எடுத்துவிடப் போகிறேன். பிள்ளைகளுக்குத்தான் உண்மை தெரிந்துவிட்டதே; ஒரு நாள் மண்டு ஆனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. சரிதானா? தப்பா? நீ தலையாட்டுவது இங்கிருந்து தெரியவில்லை.

குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே.

இப்படிக்கு,
உன் விசில்

*

அன்புள்ள டீச்சருக்கு,

வெள்ளிக்கிழமை முடிந்தது. ஜெயித்தேனா தோற்றேனா என்று எனக்கே தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீயே மதிப்பெண் போடு.

தாளாளர் வந்தார். மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், பக்கத்தில் தலைமையாசிரியை. நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பிள்ளைகள் அளந்தார்கள். நெட்டைக்கொக்குக்கு நாலரை வந்ததும் தாளாளர், "என்ன சார், பத்தடி வளையம்னு சொன்னீங்க?" என்று கேட்டார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அது பாதிதான் காட்டும் சார், இரண்டால பெருக்கணும்" என்றேன்.

பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். கேலி செய்யும் பார்வை என்றால் தாங்கியிருப்பேன். பாவம், சாருக்குப் பயத்தில் மறந்துபோய்விட்டது என்று பரிதாபப்பட்டார்கள். கேள்விக்குறி என் சட்டைக் கையை மெதுவாக இழுத்து, யார் காதிலும் விழாதபடி, "சார், படுங்க சார்" என்றாள். என்னைக் காப்பாற்றுகிறாளாம்!

அதற்குமேல் எப்படிப் பொய் சொல்வது? படுத்துவிட்டேன். வெள்ளைச் சட்டையோடு, தாளாளர் காலடியில், கன்னத்தை மண்ணில் வைத்துப் பத்தடியைக் காட்டினேன். பிறகு எழுந்து கண் மட்டத்தை விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன், அதுதான் கஷ்டம். தாளாளர் கைதட்டினார். "பிரமாதம் சார். இது போதுமே!" என்று தலைமையாசிரியை பக்கம் திரும்பினார். உன் நாற்காலியை நானே தூக்கித் தெருவில் வைத்தது போல இருந்தது.

வகுப்புக்குள் போய் அடுத்த பாடத்தையும் காட்டச் சொன்னார். தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஒரு கோபுரம். அதன் அடிக்குப் போக முடியாது, தூரமும் தெரியாது. இந்தக் கரையிலேயே ஓர் இடத்தில் நின்று ஒரு கோணம், கொஞ்சம் பின்னால் நகர்ந்து இன்னொரு கோணம். பச்சை டீச்சர் தேன் குரலில் ஏதோ சொன்னாள், கோடுகள் ஓடின, விடை வந்தது, பச்சை. தாளாளர் திருப்தியாக எழுந்தார். கேள்விக்குறியும் எழுந்தாள்.

"விடை வந்துடுச்சு சார். எனக்குப் புரியல. அங்க போகவே முடியாதுங்கிறப்ப, எவ்வளவு தூரம்னு எப்படித் தெரியும்?"

மறுபடி ஓடவிட்டேன். அதே குரல், அதே வார்த்தை, அதே பச்சை. வேறு மாதிரி சொல்ல அதற்குத் தெரியவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு முழுக்க நான் நடிக்க நினைத்தது அப்போது நடிக்காமலே வந்தது. "எனக்கும் புரியலம்மா" என்றேன். யாருக்குத்தான் தெரியும் என்று தாளாளர் வகுப்பைப் பார்த்துக் கேட்டார். கணக்கு டீச்சருக்கு என்று மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொன்னது. நான் சொல்லிக்கொடுத்ததில்லை, சத்தியமாக.

"எப்ப வர்றாங்க?" என்று என்னிடம் கேட்டார். தெரியாது சார் என்றேன். கொஞ்சம் தயங்கி, "வந்தாலும் குரல் இருக்குமா?" என்றார். அதுவும் தெரியாது என்றேன். பிறகு எனக்கு எங்கிருந்து வந்ததோ, "அவ வாயைத் தொறக்காமலே ஒரு பார்வையில வகுப்பை அடக்கிடுவா சார். வீட்டுலயும் அப்படித்தான்" என்றேன். தலைமையாசிரியை சிரித்துவிட்டார். தாளாளர் சிரிக்கவில்லை, ஆனால் ஆண்டு விடுமுறை முடியும்வரை உன் இடத்தில் கை வைப்பதில்லை, வந்தால் அது உன்னுடையது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முடிவு வந்து நாளாகிறது என்று சகலை நேற்று போனில் சொன்னார். என்ன முடிவு என்றால், அவளே சொல்லட்டும் என்று வைத்துவிட்டார். நல்லதென்றால் நீ அன்றைக்கே எழுதியிருப்பாய் என்று ஒரு மனம் சொல்கிறது. மெஷினைப் பற்றி அரைப் பக்கம் எழுதியவள் அவ்வளவு கலங்கியா இருப்பாள் என்று இன்னொரு மனம் சொல்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அது எதுவாக இருந்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு நீ தனியாக அங்கே உட்கார்ந்திருக்க வேண்டாம்.

கரும்பலகையில் கேள்விக்குறி அந்தக் கோபுரத்தை வரைந்து வைத்திருக்கிறாள். இந்தக் கரையில் இரண்டு புள்ளி, நடுவில் தண்ணீர். அழிக்க யாரையும் விடுவதில்லை. ஆங்கிலப் பாடம், அறிவியல் பாடம் எல்லாம் அதைச் சுற்றி மூலையிலேயே நடக்கிறது. டீச்சர் எப்ப சார் வருவாங்க என்று தினமும் கேட்கிறாள்.

அதனால் ஒன்று சொல்கிறேன், கேள். இந்தக் கணக்கின் விடையை மட்டும் எழுதி அனுப்பாதே. நீ எழுதினால் நான் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுவேன், பிறகு உன்னை யாரும் கேட்க மாட்டார்கள். நீயே வந்து சொல். குரல் வந்தால் குரலோடு வா. வராவிட்டால் நீ சாக்பீஸைப் பிடி, கோடு கோடாகப் போடு. பக்கத்தில் நின்று நான் கத்துகிறேன். என் குரல்தான் மைதானத்துக்கு அந்தப் பக்கம்வரை கேட்குமே.

டாக்டர் எப்போது விடுகிறார் என்று சொன்னால், நானே வந்து அழைத்துக்கொள்கிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் விசில்