கண்ணுக்குத் தெரியாத முறிவு

பொன்னுத்தாயின் அப்பாவுக்கு,

கொழும்பில் நம் மகளின் காலைப் புதிதாய் வந்திருக்கும் எக்ஸ்ரே பெட்டியில் படம் பிடித்தார்கள். வெள்ளை எலும்பில் கறுப்பாய் ஒரு கீறல். நமுனுகுல மலைச்சரிவில் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு விழுந்த அன்றே முறிந்திருக்கிறது.

"நடிக்கிறா, பெரட்டுக்கு அனுப்புங்க கங்காணி" என்றார் தோட்டத்து மருந்துக்காரர். நீங்களும் அவளை வேலைக்கு அனுப்பினீர்கள். "எலும்பு நோவுதுப்பா" என்று அவள் கதறியது உங்கள் காதில் ஏறவில்லை. அன்றே கட்டுப்போட்டிருந்தால் நேராகக் கூடியிருக்குமாம். இப்போது கோணலாக ஒட்டிவிட்டது. மறுபடி உடைத்துத்தான் சேர்க்க வேண்டும் என்கிறார் டாக்டர்.

சேர்த்த பிறகு இன்னொரு படம் வேண்டுமாம். படம் பிடிக்கிறவரின் விரல்கள் வெந்து தோலுரிந்திருந்தன. பயந்துபோய்க் கேட்டேன்.

"தெனமும் இந்த ஒளி பட்டுப் பட்டு வந்த புண்ணும்மா. புள்ளைக்கு அளவாத்தான் பிடிப்போம்" என்றார்.

அந்நிய மனிதர். அவருக்கு இருந்த அக்கறை பெற்ற தகப்பனுக்கு இல்லை!

"இப்பவாவது அப்பா நம்புவாராம்மா?" என்று மகள் கேட்டாள்.

கோழிகளைப் பக்கத்து வீட்டு அங்கம்மாளிடம் விட்டுவந்தேன். அவளே வைத்துக்கொள்ளட்டும். உங்கள் வேட்டிகளைத் துவைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். சோறாக்க ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்